கிணற்றோரத்து எலுமிச்சை

காலையில் காப்பித் தூக்குவாளியோடு தோட்டத்துக்குள் நுழைந்தால் கணேசமூர்த்திக்கு முதலில் வாயில் வருவது வசவுதான். எலுமிச்சை மரங்களுக்கு இடையே கொழுஞ்சிச் செடியும் தட்டைப்பயறும் முழங்கால் உயரத்துக்கு அடர்ந்து கிடக்கும். நடுவில் குனிந்து நிற்கும் மனைவி உமாதேவியின் முதுகு மட்டும் தெரியும்.

"தோட்டமா இது? பாம்பு குடியிருக்க காடு. பாக்கவன்லாம் சிரிக்கான்," என்பார்.

"சிரிச்சிட்டுப் போறான். மண்ணு வெறும் மேலோட வெயில்ல கெடக்கக் கூடாதுங்க," என்று அவள் தூக்குவாளியை வாங்கிக்கொள்வாள்.

அதற்கு மேல் அவர் கேட்டதில்லை. ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் நாள் முழுக்கச் சொல்லியிருப்பாள். பாவி மனிதர் கேட்கவில்லையே! மேலகரத்தில் பழைய குடும்பம் அவருடையது. வேட்டி மடிப்பிலிருந்து வாசல் கோலம் வரை, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று பார்த்தே வளர்ந்தவர்.

ஆனி மாதம், குற்றாலத்துச் சாரல் தொடங்கிய ஒரு மதியம். கிணற்றோரத்துக் கடைசி மரத்தடியில் கொழுஞ்சி விதை தூவிக்கொண்டிருந்த உமாதேவி அப்படியே சரிந்தாள். தென்காசிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது. அன்று காலையில்கூடக் கணேசமூர்த்தி அவளை வைதுவிட்டுத்தான் வீடு திரும்பியிருந்தார்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வீட்டில் இடம் பற்றாது, தோட்டத்தில்தான் பந்தல் என்று முடிவானது. இடம் பார்க்க வந்த பெரியப்பா மகன் கைலாசம் முகத்தைச் சுளித்தார்.

"ஏலே மூர்த்தி, சொந்தக்காரவுக பூரா வருவாவ. இந்தக் காட்டைப் பாத்தா, உமாவுக்கு நெலத்தைப் பேணத் தெரியலன்னுதான் பேசுவாவ. செத்தவளுக்கு அந்தப் பேரு வேண்டாம்லே."

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? கணேசமூர்த்தி களைக்கொல்லி அடிக்க ஆள் வைத்தார். அவள் பெயர் கெடக் கூடாது என்ற பிரியத்தில் செய்த காரியம்தான் அது. அவள் விழுந்த மரத்தடிக்கு மட்டும் போக வேண்டாம் என்று கை காட்டித் தடுத்தார். அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே அவரால் முடியவில்லை. மற்ற இடமெல்லாம் கருகிச் சாய்ந்தது. வாரி எரித்தார்கள். விசேஷத்துக்கு வந்தவர்கள், தோட்டம் துடைத்துவைத்தது போல இருப்பதாகச் சொன்னார்கள். அந்தத் துக்கத்திலும் அவருக்கு மனசு கொஞ்சம் ஆறியது.

பிறகு புல் தலைகாட்டும்போதெல்லாம் மருந்துதான். ஐப்பசி மழை மேல்மண்ணை வழித்துக்கொண்டு போய் ஓடையில் விட்டது. பங்குனி வெயிலில் நிலம் ஓடாக இறுகி, அடியில் கிடந்த உப்பு வெள்ளையாகப் பூத்தது. எலுமிச்சை இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க மஞ்சளாய் வெளுத்தன, பிஞ்சு உதிர்ந்தது. பதறிப்போய் யூரியாவை அள்ளிப் போட்டார். அதிலும் வேர் கருகியதுதான் மிச்சம்.

முதல் வருடத் திவசம் நெருங்கியது. கைலாசம் மருந்தடிப்பவரையும் கூட்டிக்கொண்டு வந்து, அந்தக் கிணற்று மூலையையும் சுத்தம் பண்ணிவிடலாம் என்றார். ஒரு வருடமாகப் போகாத இடத்துக்குக் கணேசமூர்த்தி அன்றுதான் போனார்.

அந்த ஒரு மரம் மட்டும் கரும்பச்சையாக, காய் தாங்காமல் வளைந்து நின்றது. அவள் கையிலிருந்து சிதறிய விதை முளைத்து, கொழுஞ்சி ஊதாப் பூவோடு அடர்ந்திருந்தது. ஒரு செடியைப் பிடித்து இழுத்தார். மண் பொலபொலவென்று வேரோடு வந்தது. வேரெல்லாம் சின்னச் சின்ன முடிச்சு. ஏதோ நோய் என்று நினைத்தார்.

நோயில்லை என்று பக்கத்துத் தோட்டத்துத் தங்கபுஷ்பம் வேலியோரம் வந்து சொன்னாள். அந்த முடிச்சுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து வைக்குமாம். வேர்கள் புளிப்பான ஒரு சாற்றைக் கசியவிட்டு, மண்ணில் இறுகிக் கிடக்கும் மணிச்சத்தையும் இரும்பையும் இளக்கிக் கொடுக்குமாம். எலுமிச்சை வேர் அதை உறிஞ்சிக்கொள்ளும். நிழலில் ஈரம் காயாததால் உப்பும் மேலே ஏறாது. தங்கபுஷ்பத்தையும் இப்படி மண்ணை மூடும் பயிர் விதைக்க வைத்தவள் உமாதேவிதான். மற்ற மரங்களில் பாதி இனித் தேறாது என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"இதெல்லாம் மதினி உங்ககிட்ட சொல்லலையா அண்ணாச்சி?"

சொல்ல விட்டிருந்தால்தானே! கணேசமூர்த்தி அந்தச் செடியை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு வருடமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. மருந்தடிப்பவர் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

"திவசத்துக்கு வாறவுக என்னலே சொல்லுவாவ?" என்று கைலாசம் மெல்லக் கேட்டார்.

"என்னமும் சொல்லட்டும் அண்ணாச்சி. அவளுக்குக் கெட்ட பேரு வரக் கூடாதுன்னு, அவ வளத்ததையே கொன்னுட்டேன். ஊரு கண்ணுக்காகத் தொடச்சி வச்ச மண்ணுல வேருக்குச் சோறு கெடையாது. மண்ண மூடித்தான் வைக்கணும். கூட இருக்கவ ஒண்ணு செஞ்சா, அவ இருக்கும்போதே ஏன்னு கேட்டுக்கிடணும். நான் இப்ப மண்ணத் தோண்டிக் கேக்குதேன்."