வெள்ளைக்காரர் மாதிரி

என் பெயர் டூகல் ரென்னி. ஸ்காட்லாந்துக்காரன், நடிகன். முதலாவதற்கு பாஸ்போர்ட் சாட்சி. இரண்டாவதற்கு என் மனைவி டோரீன் மட்டும்தான் சாட்சி. அவளும் யாராவது அழுத்திக் கேட்டால் தடுமாறுவாள்.

ஆர்பிரோத் என்ற மீன்பிடி ஊரில் பிறந்தேன். தொலைக்காட்சியில் எனக்குக் கிடைத்த முதல் வேடம், ஒரு துப்பறியும் தொடரில் கரை ஒதுங்கிய பிணம். பார்த்துவிட்டு அம்மா, "நன்றாகப் படுத்திருந்தாய்" என்றாள். அதைவிட நல்ல விமர்சனம் பிறகு எனக்கு வரவில்லை. அடுத்து ஒரு நெடுந்தொடரில் தபால்காரன். சில வருஷம் வீடு வீடாகக் கடிதம் போட்டேன். ஒருநாள் படப்பிடிப்புக்குப் போனால், கடைக்காரம்மாவாக நடிப்பவர் மூலையில் நின்று, "நம்ம தபால்காரர் மாற்றலாகிப் போய்விட்டாராமே" என்று வசனம் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வேலை போன சங்கதி அப்படித்தான் தெரிந்தது.

இந்தியாவுக்கு வந்தது ஓர் ஆங்கிலப் படத்துக்காக. புனே பக்கம் படப்பிடிப்பு. குதிரைமேல் பாய்ந்து வந்து சண்டையை ஆரம்பிக்கிற அதிகாரி நான். குதிரைக்குக் கதை பிடிக்கவில்லை போலும், என்னைக் கீழே போட்டுவிட்டு அது மட்டும் சண்டைக்குப் போயிற்று. தோள்பட்டை எலும்பு முறிந்தது. படம் வந்தபோது என் வசனத்தையெல்லாம் வெட்டிவிட்டு, நான் விழுந்ததை மட்டும் வைத்திருந்தார்கள். அதுதான் இயல்பாக இருந்ததாம்.

கன்டோன்மென்ட் ஆஸ்பத்திரி ஒன்றில் என் தோளுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவள் டோரீன். கையைத் தூக்கச் சொல்லி அதட்டுவாள். நான் தூக்காவிட்டால், எனக்குப் புரியாது என்ற தைரியத்தில் தன் வீட்டுத் தமிழில் திட்டுவாள். என்ன திட்டுகிறாள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை வந்தது. கை சரியான பிறகும் வலிக்கிறது என்று போய்க்கொண்டே இருந்தேன். என் வாழ்க்கையில் நான் உயிரைக் கொடுத்து நடித்தது அப்போதுதான். அதையும் அவள் முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டாளாம்.

கல்யாணம் முடிந்து புனேயிலேயே, கோர்படியில் குடியேறினோம். மாமனார் ஜாக்சன், ராணுவ ஒர்க்‌ஷாப் வேலைக்காகச் தமிழ்நாட்டின் தென்கோடியில் இருக்கிற சாயர்புரத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அவர் வாயில் டூகல், துகள் ஆயிற்று. துகள் என்றால் என்னவென்று தெரிந்தபோது, என் தொழில் நிலவரத்தை இவருக்கு யார் சொன்னார்கள் என்று யோசித்தேன். அந்த வீட்டில் புழங்கிப் புழங்கி எனக்குத் தமிழ் ஒட்டிக்கொண்டது. அதாவது சாயர்புரத்துத் தமிழ். எழுதவும் செய்வேன். புனேயில் பிறந்து வளர்ந்த டோரீனுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்பதால், இதில் பிழை இருந்தால் திருத்த எங்கள் வீட்டில் ஆளில்லை.

பிழைப்பு மராத்தித் தொடர்களில். வெள்ளைக்காரத் துரை வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுவார்கள். போவேன், ஆங்கிலத்தில் கத்துவேன், வாளிலோ குண்டிலோ சாவேன். மறுநாள் மார்க்கெட்டில் காய்காரர், "சாகேப், கால் தும்ஹி மேலாத் நா!" என்று முகம் மலர்ந்து விசாரிப்பார். நேற்று செத்துப்போனீர்களே என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம். கொத்துமல்லி சும்மா தருவார். நான் இங்கிலாந்துக்காரன் இல்லை, ஸ்காட்லாந்து வேறு என்று ஆரம்பத்தில் விளக்கிக்கொண்டிருந்தேன். கொத்துமல்லி நின்றுவிடுமோ என்று பயந்து விட்டுவிட்டேன்.

போன வருஷம் சென்னையிலிருந்து சங்கரன் என்ற இயக்குநர் தமிழ்ப் படம் எடுக்க வந்தார். தளேகாவ் பக்கம் ஒரு பழைய பங்களாவில் படப்பிடிப்பு. வரி கேட்டு மிரட்டுகிற கலெக்டர் வேடம் எனக்கு. பக்கம் பக்கமாகத் தமிழ் வசனம். டோரீனின் தம்பி பெனிஸ்டன் சொந்தக்காரர் ஒருவர் விடாமல் போன் போட்டு, "அத்தான் தமிழ்ப் படத்துல பேசப் போறாவ" என்று சொல்லிவிட்டான். நானும் ராத்திரி பகலாக மனப்பாடம் செய்தேன். கொஞ்சம் மெருகும் ஏற்றினேன்.

கேமரா ஓடியது. எதிரே நின்ற ஊர்த்தலைவரைப் பார்த்து முழங்கினேன்.

"ஏல, யாருகிட்டல பேசுத? வரி கட்டாம எங்க போயிருவ நீ? தோலை உரிச்சிருவேன், பாத்துக்க!"

இடமே அமைதியாகிவிட்டது. அசத்திவிட்டோம் என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால், ஊர்த்தலைவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்.

சங்கரன் பக்கத்தில் வந்தார். மரியாதையான மனிதர். "சார், தமிழ் பிரமாதம். ஆனா கொஞ்சம் வெள்ளைக்காரர் மாதிரி பேசுங்களேன்."

"நான் வெள்ளைக்காரன்தான சார்?"

"பாத்தா தெரியுது சார். கேட்டாத்தான் தெரியல. கண்ண மூடுனா தாலுகா ஆபீஸ்ல நிக்கிற மாதிரி இருக்கு."

பிறகு அவரே மூக்கால் பேசி நடித்துக் காட்டினார். "நீங்கல் எல்லாம் வரி கட்ட வேண்டும், மேன்!" உதவி இயக்குநர் வைஷு வேறு விதமாகக் காட்டினாள். ஒளிப்பதிவாளர் காட்டினார். டீ கொண்டுவந்தவர் எல்லோரையும்விட நன்றாகக் காட்டினார். அந்த பங்களாவில் வெள்ளைக்காரர் மாதிரி பேசத் தெரியாதவன் நான் ஒருவன்தான்.

திரும்பத் திரும்ப முயன்றேன். நாலு வார்த்தை நாக்கைக் கடித்துக்கொண்டு போகும்; ஐந்தாவதில் சாயர்புரம் எட்டிப் பார்க்கும். மத்தியானமே படப்பிடிப்பை நிறுத்திவிட்டார்கள். நாளைக்கும் சரிவராவிட்டால் மும்பையிலிருந்து வேறு வெள்ளைக்காரரைக் கூப்பிடலாம் என்று மேனேஜர் வைஷுவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. தமிழ் தெரியாத காரணத்துக்காக வேலை போன நடிகர்களைப் பார்த்திருக்கிறேன். தெரிந்த குற்றத்துக்குப் போகப்போவது நான்தான்.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்த டோரீனிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்காததைக் கவனித்து நிறுத்தினாள்.

"இதுக்குப் போயா? மொதல்ல எப்படிப் பேசுனீங்களோ அப்படியே பேசுங்க."

"அதெல்லாம் மறந்துபோச்சு டோரீன்."

"எனக்கு மறக்கலையே."

ஹேண்ட்பேக்கைக் கீழே வைத்தாள். வலது கையை மடித்து நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"டாக்டர் அம்மா, எனக்கு நெரைய வளி இருக்குது. நீ நாலைக்கும் வரும்?"

நான்தான் அது. ஆஸ்பத்திரிக் கட்டில்மேல் உட்கார்ந்திருந்த நான்.

அவள் நிறுத்தவில்லை. மாமனாரிடம் நான் பெண் கேட்டதைச் செய்து காட்டினாள். "அய்யா, உங்கல் மகனை எனக்குக் கல்யாணம் கொடுக்கும்?" பக்கத்தில் நின்ற பெனிஸ்டன் இரண்டடி பின்னால் நகர்ந்ததையும் செய்தாள். முதல் கிறிஸ்துமஸில் நான் ஜெபம் சொன்னது, மீன்காரியிடம் மன்னிப்புக் கேட்டது, அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது மருந்துக்கடையில் போய் உளறியது என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தன. நான் எப்போதோ தொலைத்த தப்பு ஒவ்வொன்றையும் அவள் பத்திரமாக வைத்திருந்தாள். நான் நடித்த எதையும் யாரும் இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

மறுநாள் தளேகாவில், என்னைப் போல நடிக்கிற டோரீனைப் போல நான் நடித்தேன். சங்கரன் கை தட்டினார். மேனேஜர் வந்து கை கொடுத்தார். ஒரு வாரத்தில் கலெக்டரும் முறைப்படி கொல்லப்பட்டார்.

படம் வெளியானபோது கோர்படியிலிருந்து குடும்பமே கிளம்பிப் போய் தியேட்டரில் ஒரு வரிசையை அடைத்துக்கொண்டோம். நான் வாயைத் திறந்தபோதெல்லாம் ஜனங்கள் சிரித்தார்கள். அந்த வாரமே இணையத்தில் விமர்சனம் வந்தது. எல்லோரையும் பாராட்டிவிட்டு, என் பங்குக்கு ஒரு வரி: 'கலெக்டராக வருபவர் இத்தனை வருஷம் இந்தியாவில் இருக்கிறாராம், கொஞ்சம் தமிழ் கற்றுக்கொண்டிருக்கலாம்.'

டோரீனுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பதில் எழுதுகிறேன் என்று போனை எடுத்தாள். தமிழில் தட்டத் தெரியாமல் ஆங்கிலத்தில் எழுதினாள். அதற்குக் கீழே ஒருவர், 'முதலில் நீங்கள் தமிழ் கற்றுக்கொள்ளுங்கள், அம்மா' என்று போட்டிருந்தார். அதோடு போனைச் சோபாவில் எறிந்துவிட்டாள்.

சில மாதம் கழித்து சங்கரன் கூப்பிட்டார். அடுத்த படத்தில் ஹீரோவின் தாய்மாமன் ஒரு நாங்குநேரிக்காரர். அந்த வேடத்துக்கு மும்பையிலிருந்து ஒருவரைப் போட்டிருக்கிறார்கள். அவருக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது.

"முகத்துக்கு ஆள் கெடச்சாச்சு சார். வாய்க்குத்தான் ஆள் வேணும்," என்றார்.

இத்தனை வருஷமாக முகத்துக்காக மட்டும் கூப்பிடப்பட்டவன் நான். சம்மதித்தேன். புனேயிலேயே, கோந்த்வாவில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக்கூடத்தில் உட்கார்ந்து பேசவேண்டும். சென்னையில் இருந்தபடியே அச்சுதன் என்ற ஒலிப்பதிவாளர் ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருப்பார். என் பெயரை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவரால் என்னைப் பார்க்கவும் முடியாது.

திரையில் அந்த மும்பைக்காரர் வாயசைத்தார். நான் தங்கச்சியைக் கொஞ்சினேன், மாப்பிள்ளையை ஏசினேன், பனங்காட்டுத் தகராறில் சம்பந்தியோடு மல்லுக்கட்டினேன். மாமா கடைசிவரை சாகவில்லை. அதுவே எனக்குப் புது அனுபவம்.

முடிந்ததும் அச்சுதன் குரல் வந்தது. "அருமை சார். இந்தப் பேச்செல்லாம் படிச்சு வராது. சாருக்கு எந்த ஊரு? நாங்குநேரியேதானா?"

"இல்லங்க," என்றேன். "கோர்படி."

"அது எந்தப் பக்கம் சார்? ஏரல் தாண்டியா?"

"இன்னும் கொஞ்சம் மேல," என்று சொல்லிவிட்டு ஹெட்போனைக் கழற்றி வைத்தேன்.