எடைக்கு ஓர் ஆள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒளித்துவைத்துக் கடைசியில் காட்டுகிற வித்தையெல்லாம் எனக்கு வராது. இது என் அண்ணனிடமிருந்து வந்தது. அவனைக் கேட்காமல் எடுத்துக்கொண்டேன். இதில் வரும் தம்பி நான்தான். 'நான்' என்று நான்கு முறை எழுதிப் பார்த்தேன், நான்கிலும் எனக்கு நானே வக்கீலாகிவிட்டேன். 'தம்பி' என்று எழுதினால் அந்தப் பயலைக் கொஞ்சமாவது திட்ட முடிகிறது.

2

தொடக்கம், முதல் முயற்சி: அந்தி மயங்கும் வேளையில் அந்தச் சிவப்புக் கார் தன் கண்களைத் திற—

சீ! கார் விளக்கைக் கண் என்று எழுதாத ஆள் உண்டா? அதுவும் இந்தக் கதையில் போய்!

இரண்டாவது முயற்சி. அண்ணனுக்கு மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுவது தொழில். வீட்டை ஒட்டிய தகர ஷெட்டில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தான். இரண்டே இருக்கை, உட்கார்ந்தால் தரையில் உட்கார்ந்தது போல இருக்கும். அதன் முன்விளக்குகள் பானட்டுக்குள் படுத்திருக்கும். சுவிட்சைப் போட்டால் மூடியோடு எழுந்து நிற்கும், அணைத்தால் மறுபடி படுத்துக்கொள்ளும். ஒவ்வொரு விளக்குக்கும் தனி மோட்டார். மோட்டார் மக்கர் செய்தால் கையால் திருக ஒரு குமிழ் உண்டு. அதற்கு முன்னால் ஃபியூஸைப் பிடுங்கிவிட வேண்டும், மறந்தால் விரல் போய்விடும்.

அண்ணன் இரண்டு விளக்குகளையும் கழற்றி, மோட்டாருக்குப் புதுக் காயில் கட்டி, திரும்ப மாட்டினான். மாட்டினால் மட்டும் போதாது. வெளிச்சம் சரியான உயரத்தில் விழும்படி நேராக்க வேண்டும். ஷட்டரை இறக்கி இருட்டாக்கி, காரைச் சுவரிலிருந்து இருபத்தைந்து அடி தள்ளி நிறுத்தி, விளக்கின் உயரத்துக்குச் சுவரில் டேப் ஒட்ட வேண்டும். வெளிச்சத்தின் மேல்விளிம்பு ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோடு டேப்புக்கு இரண்டு விரற்கடை கீழே வரும்வரை திருகாணியைத் திருக வேண்டும். ஓட்டுபவரின் எடை இருக்கையில் இருந்தால்தான் அளவு சரியாக வரும்.*

(* இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. பிறகு தேடித் தேடிப் படித்தேன். கண் கெட்ட பிறகு என்று தொடங்கும் பழமொழி ஒன்று பேனா நுனியில் வந்து நிற்கிறது. அதை முழுதாக எழுத எனக்குக் கை கூசுகிறது.)

3

தம்பி பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவன். ஊரில் உள்ள குற்றமெல்லாம் கண்ணில் படும், தன்னுடையது படாது. ஒரு வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் கட்டுக்கட்டான தாள்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் கூப்பிட்டான்.

"டேய், ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒரு அரை மணி நேரம் வர்றியா?"

"எதுக்கு?"

"கார் லைட்டை செட் பண்ணணும். சீட்ல ஒரு ஆள் உக்காந்திருக்கணும். எடைக்கு."

தம்பிக்குச் சுருக்கென்றது. அந்த ஷெட்டில் அவனுக்கு எப்போதும் இதே உத்தியோகம்தான். இதைப் பிடி, அங்கே நில், அசையாதே. படித்து ஒரு வேலைக்குப் போன பிறகும், வெறும் எடைக்கா?

"ரெண்டு சிமெண்ட் மூட்டையத் தூக்கி வை. என்னைவிட ஒழுங்கா உக்காரும்."

"மூட்டை பேசாதுடா" என்றான் அண்ணன்.

"நல்லதுதானே? உனக்குத்தான் எதிர்த்துப் பேசாத ஆள் வேணுமே!"

சொல்லிவிட்டுத் தம்பி சிரித்தான். அண்ணனும் சிரித்தா—

(இல்லை. அடித்துவிடுகிறேன். அண்ணன் சிரிக்கவில்லை. "சரி, வேலையப் பாரு" என்று வைத்துவிட்டான்.)

4

அண்ணன் மூட்டைகளை வைத்தே வேலையை முடித்தான். புதன்கிழமை பொழுது சாய்ந்ததும் காரை வெளியே எடுத்தான். காரின் ஒரு விளக்கு மரத்தின் உச்சியையும், மற்றது எதிரே வருகிறவர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தது. எதிரே ஸ்கூட்டரில் வந்த ஒரு டீச்சர் அம்மாவுக்குக் கண் கூசி, வண்டி சறுக்கி, தோள்பட்டை எலும்பு முறிந்தது. அண்ணன் அவரைப் பார்க்கவே இல்லை. சத்தம் கேட்டுத்தான் ஸ்டியரிங்கை ஒடித்தான். கார் சாக்கடைச் சுவரில் மோதி ஒரு விளக்கு நொறுங்கியது.

டீச்சர் அம்மாவைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணி தம்பியைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, நான் சொன்னேன்னு அவருகிட்ட காட்டிக்காதீங்க. ரெண்டு வருஷமா அவருக்குப் பார்வை கொறஞ்சுகிட்டே வருது. செவுத்துல கோடு எங்க விழுதுன்னு அவருக்குத் தெரியல. அத வாய் விட்டுச் சொல்ல மனசு வரல. அதான் எடைக்குன்னு கூப்பிட்டாரு. சீட்ல உக்காந்தா நீங்க சும்மாவா இருப்பீங்க? மேல இருக்கு, கீழ இருக்குன்னு நீங்களே கத்துவீங்கன்னாரு."

தம்பி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

(இந்த இடத்தில் என் கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. மூட்டை பேசாது என்று ஒருவன் சொன்ன பிறகும், வார்த்தைகளையே மேய்ந்து பிழைக்கிற ஒருத்தனுக்குப் புரியாமலா போகும்? வாசகர் நம்புவாரா? நம்புங்கள். வீம்பு வந்தால் காது அடைத்துக்கொள்ளும். எனக்கு அடைத்துக்கொண்டது.)

5

இது நடந்து எட்டு மாதமாகிறது. டீச்சர் அம்மாவின் தோள் கூடிவிட்டது. அண்ணனுக்கு இப்போது முகங்கள் தெரிவதில்லை, குரல் வைத்துத்தான் ஆளைப் பிடிக்கிறான். தம்பி மாதம் ஒருமுறை போய் மழை பெய்ததா, பெய்யவில்லையா என்று பேசிவிட்டு வருகிறான்.

நேற்று அண்ணி போன் செய்தார்.

"காரைக் குடுத்துடப் போறோம் தம்பி. நாளன்னிக்கு வந்து எடுத்துக்குறாங்க. ஒடஞ்ச லைட்டுக்கு வேற வாங்கி, ரெண்டையும் அவரே மாட்டிட்டாரு. எல்லாம் கையால தடவித் தடவியே. ஒரு ஸ்க்ரூ பாக்கி இல்ல. இனி யாரு கண்ணும் கூசக் கூடாது, நானே செட் பண்ணித்தான் குடுப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கறாரு. நாளைக்கு மத்தியானம் பண்றாராம்."

"என்னைக் கூப்பிடச் சொன்னாரா?"

"கூப்பிடவான்னு கேட்டேன். அவனுக்கு வேலை இருக்கும்னாரு. மூட்டைய எடுத்து வெச்சுட்டாரு, தம்பி."

6

முடிவு, ஒன்று: தம்பி போகிறான். இருக்கையில் உட்காருகிறான். கேட்காமலே சொல்கிறான், "டேப்புக்கு மேல நாலு விரக்கடை இருக்கு. இன்னும் இறக்கு. இன்னும். ம், போதும்." அண்ணன் திருகுகிறான். வேறு எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

முடிவு, இரண்டு: தம்பி போய் மன்னிப்புக் கேட்கிறான். "எதுக்குடா?" என்கிறான் அண்ணன். பதில் சொன்னால், எடைக்கு என்று சொல்லி அவன் மறைத்தது எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரிந்துவிடும். அவனிடம் மிச்சமிருக்கும் மானம் அது ஒன்றுதான். சொல்லாவிட்டால் எனக்கு இந்த ஜென்மத்தில் மன்னிப்புக் கிடை—

முடிவு, மூன்று: தம்பி போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறான்.

அண்ணி சொன்ன மத்தியானம் இதுதான், மணி ஒன்றே முக்கால். முதல் முடிவை அழகாகத்தான் எழுதியிருக்கிறேன். எழுதி முடித்ததும் போய் வந்துவிட்டது போலவே ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. அண்ணனால் இதை வாசிக்க முடியாது. அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதினேன்.

எந்த முடிவை வேண்டுமானாலும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டரை இறக்கிவிட்டு, ஸ்க்ரூடிரைவரும் கையுமாக, அவன் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருப்பான். பக்கத்தில் யாரும் இல்லை என்ற தைரியத்தில், "சரியா இருக்கா?" என்று ஒருமுறை கேட்டும் பார்ப்பான். அப்போது யாராவது அவனுக்குப் பதில் சொல்லுங்கள்.