யார் கையைத் தூக்கினாலும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் அக்காவைக் கிண்டல் செய்வதற்காகத்தான் இந்தக் கதையை எழுத ஆரம்பித்தேன். பத்தொன்பது வருடம் கட்டடத் தளங்களில் கம்பி கட்டியவள், நாற்பத்தாறு வயதில் பாதுகாப்புத் தேர்வுக்குப் படிக்கிறாள். கேள்விப் புத்தகத்தை என் மேசைமேல் தொப்பென்று போட்டு, "நீதான் பெரிய எழுத்தாளராச்சே, உக்காந்து சொல்லிக் குடு" என்றாள். அந்தப் ‘பெரிய’வை அவள் இழுத்த இழுப்பு ஒரு கதைக்குப் போதுமானதாக இருந்தது.

ஒன்பது புத்தகம் போட்டவன் நான். ஒரே மூச்சில் எழுதி முடித்துவிடலாம், நாலு இடத்தில் சிரிப்பு வரும், ஆளை விடு என்று நினைத்தேன். வாசகரே, நீங்களும் அதே நினைப்போடு உட்காருங்கள். நடுவில் எழுந்து போக விடமாட்டேன்.

2

முதல் தொடக்கம்: "காலை வெயில் கிரேனின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தபோது அவள்

(இத்தோடு நின்றுவிட்டது. அக்கா வாங்கிப் படித்துவிட்டு ஓரத்தில் பென்சிலால் எழுதினாள்: கிரேனுக்கு ஏதுடா கழுத்து?)

இரண்டாம் தொடக்கம்: "ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, களைப்போடு அவள் கம்பிக் குவியலின் மேல் சாய்ந்து

(பென்சில்: ஹெல்மெட்டைக் கழட்டினா கேட்டுக்கு வெளிய அனுப்பிடுவாங்க. குவியல்ல சாஞ்சா முதுகுல குத்தும். ஒரே வரில ரெண்டு ஆபத்து.)

மூன்றாம் தொடக்கம்: "மொத்தம் நாற்பத்தைந்து கேள்விகள்." இதில் அவளால் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

மொத்தம் நாற்பத்தைந்து கேள்விகள். கணினித் திரையில் சரியான விடையை விரலால் தொட வேண்டும். நாற்பது சரியாக இருந்தால் தேர்ச்சி. ஆனால் அதில் எட்டுக் கேள்விகள் உயிர் சம்பந்தப்பட்டவை. அந்த எட்டில் ஒன்று தப்பானாலும் மொத்தமும் போச்சு. அக்கா இரண்டு முறை எழுதியிருந்தாள். முதல் முறை நாற்பத்து மூன்று, இரண்டாம் முறை நாற்பத்து நான்கு. இரண்டு முறையும் தோல்வி.

அவசரம் இதுதான். நாளெல்லாம் குனிந்து கம்பி கட்டியதில் அவள் முழங்கால்கள் தேய்ந்துவிட்டன. இனி குனிந்து செய்யும் வேலையே ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதே தளத்தில் கிரேனுக்குக் கையால் சைகை காட்டும் சிக்னல்காரர் மாதக் கடைசியில் விலகுகிறார். "அதுக்குள்ள பரீட்சை பாஸ் பண்ணி கார்டு வாங்கிட்டீங்கன்னா அந்த இடம் உங்களுக்கு. இல்லன்னா வெளியிலேர்ந்து ஆள் எடுத்துடுவோம்" என்று இன்ஜினியர் சொல்லியிருந்தார். தேறினால் நின்றபடி செய்யும் வேலை, தவறினால் வீடு. இன்னும் ஒரே ஒரு முறை எழுத நாள் இருந்தது.

ஆகவே தினமும் சாயங்காலம் வகுப்பு நடந்தது.

"கையுறை கிழிஞ்சிருந்தா என்ன பண்ணணும்?"

"இடது கை உறையத் திருப்பி வலது கைல மாட்டிக்கணும்."

"அக்கா!"

"வலதுதான்டா முதல்ல கிழியும், கொறடு பிடிக்கிற கை. எங்க ஒவ்வொருத்தர் பைலயும் இடது கை உறை மட்டும் புதுசா பத்து கிடக்கும்."

"புதுசு கேட்டு வாங்கணும். அதான் பதில்."

"கேட்டா குடுப்பாங்களா?"

"பரீட்சைல குடுப்பாங்க."

வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு முப்பத்தோராவது கேள்வி வந்தது. கிரேன் சரக்கை இறக்கும்போது யார் ‘நிறுத்து’ என்று கை காட்டினால் ஆபரேட்டர் நிறுத்த வேண்டும்? அ: சிக்னல்காரர் மட்டும். ஆ: மேற்பார்வையாளர் மட்டும். இ: இவ்விருவரில் ஒருவர். ஈ: யார் காட்டினாலும்.

"அ" என்றாள் அக்கா.

சரியான விடை ஈ. சொல்லிக் கொடுத்தேன். மறுநாள் கேட்டேன், அ என்றாள். அதற்கு மறுநாளும் அ. இது அந்த எட்டில் ஒன்று.

4

இந்த இடத்தில் எழுத்தாளனுக்குத் தன் பாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வந்தது. நாற்பத்து நான்கு கேள்விக்குச் சரியாகச் சொல்பவள் ஒன்றில் மட்டும் ஏன் தினமும் தடுக்கி விழுகிறாள்? காரணம் இல்லாமல் விட்டால் விமர்சகர்கள் பிய்த்துவிடுவார்கள். ஆகவே நானே ஒரு காரணத்தைப் போட்டேன்: "அக்காவுக்கு மறதி ஆரம்பித்திருந்தது."

அதைப் படித்தவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

"மறதியா? எனக்கா? நல்லாருக்குடா உன் எழுத்து."

"சும்மா கதைக்காக, அக்கா…"

"ஆறு வருஷம் முன்னாடி. கிரேன்லேர்ந்து கம்பிக் கட்டு இறங்குது. ஒரு பக்கம் கயிறு நழுவுது. நேர் கீழ பாட்டுக்காரி குனிஞ்சு கட்டிட்டிருக்கா."

(பாட்டுக்காரி: அக்காவுக்கு வேலையில் ஜோடி. கம்பி கட்டும்போதெல்லாம் பாடுவார். குரல் சுமார்தான் என்பாள் அக்கா.)

"நான் ரெண்டு கையையும் தூக்கினேன். சிக்னல்காரர் அந்தப் பக்கம் நின்னாரு, அவருக்கு ஒண்ணும் தெரியல. ஆபரேட்டர் என்னைப் பாத்தான்டா. நல்லா பாத்தான். பாத்துட்டுத் திரும்பிக்கிட்டான்."

பாட்டுக்காரிக்கு இடது கால் முழங்காலோடு போய்விட்டது. விபத்து நடந்தது எனக்குத் தெரியும். அக்கா கை தூக்கியது தெரியாது, நான் கேட்டதும் இல்லை.

"விசாரணைல என்னைக் கேட்டது ஒரே ஒரு கேள்வி. ‘உன்னை யாரு சிக்னல் குடுக்கச் சொன்னா?’ அவ்வளவுதான். இப்ப நீ சொல்லு. யார் காட்டினாலும் நிறுத்துவாங்களா?"

எனக்கு அவமானமாக இருந்தது. மறதி வரியை அடித்தேன். அடித்தது தெரியும்படி மேலே அப்படியே விட்டிருக்கிறேன், என் லட்சணம் உங்களுக்கும் தெரியட்டும்.

5

ஆனாலும் வாத்தியார் வேலையை விட முடியுமா? "அக்கா, அவங்க நடந்ததைக் கேக்கல. நடக்க வேண்டியதைக் கேக்கறாங்க. ‘ஈ’யைத் தொட்டுட்டு வந்துடு" என்றேன்.

"அப்ப நடந்ததுக்கு எத்தனை மார்க்?"

கேள்விப் புத்தகத்தை மூடி வைத்தேன். இரண்டு நாள் அவள் வகுப்புக்கு வரவில்லை. தேர்வு நாளன்று மட்டும், "கூட வந்து தொலை" என்றாள்.

தேர்வு அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு முடிவுகள் எழுதினேன்.

முடிவு ஒன்று: அவள் தன் உண்மைக்காக ‘அ’வைத் தொட்டு, தோற்று, தலைநிமிர்ந்து வெளியே வருகிறாள். (பரிசுக்கு அனுப்பத் தோதானது. முழங்கால் வலி எழுத்தாளனுக்கு இல்லையே.)

முடிவு இரண்டு: அவள் ‘ஈ’யைத் தொடும்போது கண்ணீர் சொட்டித் திரை மங்குகிறது. (பிறகு படித்தபோது பென்சில்: கண்ணீர் சொட்டினா தொடுதிரை தப்புப் பதிலை எடுத்துக்கும். கூறு இருக்கா உனக்கு?)

அரை மணி நேரத்தில் கதவு திறந்தது. அக்கா காகிதத்தை நீட்டினாள். நாற்பத்தைந்துக்கு நாற்பத்தைந்து!

"முப்பத்தொண்ணுக்கு எதைத் தொட்ட?" என்று கேட்டேன். "இனிமே அதை நிஜமாக்கப் போறவ நான்தானேடா" என்றாள் கண்கள் மின்ன.

இல்லை வாசகரே, அப்படி அவள் சொல்லவில்லை. அது நான் எழுதியது. அவள் சொன்னது இவ்வளவுதான்: "ஈ. பசிக்குது, வா."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வேலைக்காக விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். அவளைப் பற்றி நான் தப்பாக நினைத்தது இது இரண்டாவது தடவை.

6

அவள் சிக்னல்காரியாகச் சேர்ந்த முதல் திங்கட்கிழமை காலை என்னைத் தளத்துக்கு வரச் சொன்னாள். கேட்டில் பார்வையாளருக்கான ஹெல்மெட் கொடுத்தார்கள். பின்பக்கம் முன்னால் வரும்படி மாட்டிக்கொண்டு காவலாளியிடம் திட்டு வாங்கினேன்.

கம்பி கட்டும் பதினோரு பேரை வரிசையாக நிற்க வைத்திருந்தாள். மேலே கிரேனில் இளவயது ஆபரேட்டர். கொக்கியில் சரக்கு எதுவும் இல்லை.

"இறக்கு" என்று வாக்கிடாக்கியில் சொன்னாள். கொக்கி இறங்கியது. முதல் ஆள் கையைத் தூக்கினார். கொக்கி நின்றது. "ஏத்து. மறுபடி இறக்கு." இரண்டாவது ஆள். மூன்றாவது ஆள்.

ஏழாவது ஆளில் வாக்கிடாக்கி கரகரத்தது. "அக்கா, இன்னும் எத்தனை தடவை? தலை சுத்துது."

"எனக்கு ஆறு வருஷமா சுத்துது. இறக்கு."

பதினொன்றும் முடிந்ததும், கையுறை கொடுக்கும் ஸ்டோர் ரூமிலிருந்து ஒருவர் ஊன்றுகோலோடு மெதுவாக வந்தார். பாட்டுக்காரி. கால் போனபிறகு அங்கேதான் வேலை. ஒரு கைதான் தூக்க முடிந்தது, மற்றது கோலில் இருந்தது. கொக்கி நின்றது. அவர் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னொரு தடவை தூக்கட்டுமா?" என்று கேட்டார்.

"எத்தனை தடவை வேணும்னாலும் தூக்குடி" என்றாள் அக்கா.

கடைசியில் என்னையும் நிற்க வைத்தாள். கையைத் தூக்கினேன். ஒன்பது புத்தகம் எழுதி இந்த உலகத்தில் ஒரு சைக்கிளைக்கூட நிறுத்தாதவன் நான். தலைக்கு மேல் அந்தப் பெரிய இரும்பு நின்றது. அழுதுவிட்டேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

7

அங்கேயே ‘முற்றும்’ போட்டு, பெருமையாக அக்காவிடம் நீட்டினேன். அதையும் அடித்துவிட்டாள்.

"காலிக் கொக்கிக்கு எவனும் நிறுத்துவான்டா. சரக்கு தொங்கறப்போ, பின்னாடி லாரி வரிசை கட்டி நிக்கறப்போ, இன்ஜினியர் வாட்ச்சைத் தட்டிக் காட்டறப்போ நிறுத்துவானா? எனக்கே தெரியாது. நீ எந்த தைரியத்துல முற்றும் போட்ட?"

"அப்ப கதைக்கு முடிவு?"

"கிரேன் கேபின்ல யார் உக்காந்திருக்காங்களோ அவங்களைக் கேளு."

கேட்கிறேன்.

வாசகரே, ஏறி உட்காருங்கள். இரண்டு டன் கம்பி உங்கள் கையில் இறங்கிக்கொண்டிருக்கிறது. மணி பதினொன்றரை, ஏற்கனவே தாமதம். கீழே அக்கா ‘இறக்கு’ என்றுதான் காட்டுகிறாள். அவள் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். உங்கள் இடது ஓரத்தில், இன்று காலை வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண், உங்களுக்குப் பெயர்கூடத் தெரியாதவள், இரண்டு கைகளையும் தூக்குகிறாள்.

நீங்கள் பார்த்துவிட்டீர்கள்.