கடைசி வரி

மைக்கைக் கையில் வாங்கியதும் அந்த முதலாமாண்டுப் பெண் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

"அக்கா, நான் சத்யப்பிரியா, கமுதிப் பக்கம். உங்க ரீல்ஸ் ஒண்ணு விடாமப் பாப்பேன். ஸ்டாண்டர்ட் டீவியேஷனுக்கு எண்ணிக்கைல ஒண்ணக் கொறச்சு வகுக்கணும்னு சொன்னீகல்ல, அப்பிடியே டெஸ்ட்டுல எழுதுனேன். தப்புன்னு சுழிச்சுட்டாக. எங்கன தப்பு விட்டேன்னு தெரியலக்கா."

அவள் குரலில் குற்றச்சாட்டே இல்லை. தான்தான் எதையோ சரியாகக் கேட்காமல் விட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தாள். மேடையில் நின்ற லீமாரோஸ் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தாள். மூன்றாமாண்டு கணிதம் படிக்கும் அவளைப் புதுப் பிள்ளைகளுக்குப் படிப்பு யோசனைகள் சொல்லத்தான் துறைத்தலைவர் மகேஸ்வரி அழைத்திருந்தார். "நம்ம காலேஜ் பிள்ளை சொல்றத ஜில்லாவே கேக்குது" என்று அறிமுகம் வேறு. எப்போது படிப்பது, எப்படித் திருப்பிப் பார்ப்பது என்பதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டாள். கேள்வி கேட்பார்கள் என்று அவள் நினைக்கவில்லை.

பதில் அவளுக்குத் தெரியாது. அந்த ரீலில் அவள் பேசியது எதுவும் அவளுடையதல்ல. வகுப்பு வாட்ஸாப் குழுவில், பெரியபட்டினத்திலிருந்து வரும் வகுப்புத்தோழி ஜுனைதா, யார் சந்தேகம் கேட்டாலும் பொறுமையாகக் குரல் பதிவு போடுவாள். அதைக் கேட்டு, மனப்பாடம் செய்து, நல்ல வெளிச்சத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து லீமா பேசிவிடுவாள். தொடக்கத்தில் ஜுனைதாவின் பெயரைச் சொல்லத்தான் நினைத்திருந்தாள். முதல் வீடியோவில் மறந்துபோனது. அடுத்ததில் திடீரென்று சொன்னால் முந்தையதைப் பற்றிக் கேட்பார்களே என்று தோன்றியது. பிறகு அந்த நினைப்பே வராமல் பார்த்துக்கொண்டாள்.

மேசைமேல் இருந்த அவளுடைய போன் அதிர்ந்தது. ஜுனைதா. கடைசி வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பது இங்கிருந்தே தெரிந்தது.

'எங்கப்பா படகுல வந்த மீன்ல ஒரு கூடைய மட்டும் பாத்து மொத்தத்தையும் கணிக்கிறோம்னா ஒண்ணக் கொறச்சு வகுக்கணும். மொத்த மீனும் கண்ணு முன்னாடி கெடந்தா கொறைக்கக் கூடாது. உங்க கேள்வில மொத்த விவரமும் குடுத்திருப்பாங்க. வீடியோ நீளமாப் போகுதேன்னு இந்தக் கடைசி வரிய நான்தான் வெட்டிட்டேன். தப்பு உன்னோடது இல்லம்மா.'

படகு லீமாவின் அப்பாவுடையது. அப்படியே வாசித்தால் போதும் என்று, அவள் பேசுவதுபோலவே எழுதி அனுப்பியிருந்தாள் ஜுனைதா.

லீமா ஏதோ குறிப்பைப் பார்ப்பதுபோல் குனிந்து வாசித்தாள். மீன் என்றதும் பிள்ளைகள் சிரித்தார்கள். 'விவரமும் குடுத்திருப்பாங்க' என்ற இடத்தில் நிறுத்தி, நிமிர்ந்து, "புரிஞ்சுச்சாம்மா?" என்றாள். சத்யப்பிரியா வேகமாகத் தலையாட்டினாள். அரங்கம் கைதட்டியது. ஜுனைதாவும் தட்டினாள்.

பேருந்து நிறுத்தத்தில்தான் லீமாவால் ஜுனைதாவைப் பிடிக்க முடிந்தது.

"எப்பத்துலருந்து தெரியும்?"

"மொத வீடியோலருந்தே."

"ஏன் கேக்கல?"

"கேட்டா நிறுத்திருவ. அதப் பாத்துப் படிக்கிற பிள்ளைக இருக்குல்ல? எனக்கு கேமராவக் கண்டா நாக்கு ஒட்டிக்கிரும்." ஜுனைதா பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "பேரு போடலைங்கிறது ஒருபக்கம். கடைசி வரிய இன்னைக்கும் விட்டுட்டியே லீமா. அந்தப் பிள்ளை இன்னும் தன்மேலதான் தப்புன்னு நெனச்சுக்கிட்டிருக்கும்."

கோபமே இல்லாமல்தான் சொன்னாள். பெரியபட்டினம் பஸ் வந்தது. "வாரேன்" என்று ஏறிக்கொண்டாள்.

ராமேஸ்வரம் பஸ்ஸில் லீமாவுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. போனைத் திறந்தாள். சத்யப்பிரியா அரங்கத்துப் படத்தைப் போட்டு, 'என் அக்கா' என்று எழுதியிருந்தாள். கீழே இதயங்கள் நிறைந்துகொண்டேயிருந்தன. அந்த இரண்டு சொற்களைப் படித்தபோது, யாரோ தன் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்ததுபோல் இருந்தது அவளுக்கு. இல்லை, அடுத்தவள் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பது தான்தான். திருத்தம் எழுதத் தொடங்கினாள், அழித்தாள். எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள் என்று தனக்கே ஒரு காரணம் சொல்லி, பிறகு அந்தக் காரணத்துக்கும் கூசினாள். பேசித்தான் ஆகவேண்டும்.

பாம்பன் பாலத்தில் காற்று இரைந்தது. அது அடங்கட்டும் என்று காத்திருந்தாள். பாலம் இறங்கியதும் கேமராவைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், காலிக் கருவாட்டுக் கூடையை மடியில் வைத்திருந்தவள், திரையில் தன் முகமும் தெரிவதைப் பார்த்துவிட்டுச் சட்டென்று இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்தாள்.

"நீ பேசு தாயி. நான் ஒதுங்கிக்கிறேன்."

"வேணாங்க்கா, இருங்க" என்றாள் லீமா. அதற்குள் அவள் முழுவதுமாக விலகியிருந்தாள். சதுரத்துக்குள் லீமாவின் முகம் மட்டும் இருந்தது. சிவப்புப் பொட்டு எரிய, நொடிகள் ஓடத் தொடங்கியிருந்தன.