லோக்கிசாரியில் போன நங்கூரம்

1.

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. லோக்கிசாரித் தீவின் படகுத்துறையில், என் படகில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். ஏதாவது பாய்மரப் படகு உள்ளே வந்தால் எல்லோரும் கைவேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பது எங்கள் வழக்கம். உதவியெல்லாம் அப்புறம்தான்.

'பால்டிக் கடலின் நீலப் பரப்பில் அந்த வெள்ளைப் பாய்...' (வேண்டாம். அன்றைக்குக் கடல் சாம்பல் நிறம்.)

2.

அன்று உள்ளே வந்த படகின் சுக்கானைத் தெல்லெர்வோ பிடித்திருந்தாள். கல்யாணமானதிலிருந்து இதுவே முதல் தடவை. அவள் கணவன் என்சியோவுக்கு முழங்கால் போய்விட்டது. படகை விற்க ஆளும் பார்த்துவிட்டான். அவள் விடவில்லை. தானே தீவில் கொண்டுபோய்க் கட்டிவிட்டால் விற்கக் கூடாது என்று பந்தயம் கட்டினாள். முன்பக்கம் கரைப் பாறையில் மோதாமல் இழுத்துப் பிடிக்கும் பின்பக்க நங்கூரத்தைப் போடுவது மட்டும் அவன் வேலை.

(முதலில் என்சியோவைக் கொடுமைக்காரனாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. தினமும் அவளுக்குக் காபி போட்டுக் கொடுக்கிற ஆள்.)

"வேகத்தக் கொற, பாறையில ஏறிடப்போவுது!"

"மொதல்ல உன் வாய்க்கு ஒரு நங்கூரம் போடு, கிழவா. அப்புறம் கடலுக்குப் போடு."

போட்டான். கயிறு ஓடியது, ஓடியது, கடைசியில் அதன் நுனியும் தண்ணீருக்குள் போய்விட்டது. நுனியை அவன் படகில் கட்டவே இல்லை.

துறையே சிரித்தது. பக்கத்துப் படகிலிருந்து ரெய்யோ கத்தினான்: "மீனுக்கெல்லாம் சீர்வரிசையா, என்சியோ?"

பிடித்து நிறுத்த நங்கூரம் இல்லாமல் படகு பாறையைப் பார்த்துப் போனது. தெல்லெர்வோ எஞ்சினைப் பின்னோக்கி முடுக்கினாள். பாறைக்கு ஒரு சாண் முன்னால் படகு நின்றது. அவளே முன்பக்கக் கயிற்றோடு பாறையில் குதித்துக் கட்டினாள். எல்லோரும் கைதட்டினோம். எனக்குக் கண்கூடக் கலங்கிவிட்டது.

3.

முடிவு ஒன்று: நங்கூரம் போனதால் பந்தயம் செல்லாது என்று என்சியோ... (சே, அற்பம்.)

முடிவு இரண்டு: நுனியைக் கட்டாதது யார் என்று அவள்... (விடிய விடியச் சண்டை போடுவார்கள். எனக்குக் கிழங்கு வேக வேண்டும்.)

நடந்தது இதுதான். படகை வாங்க இருந்தவனிடமிருந்து போன் வந்தது. என்சியோ அதை அவளிடம் நீட்டினான்.

"கேப்டன் நீதானே? நீயே பேசு."

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். "படகு விக்கிறதுக்கில்லீங்க. உங்ககிட்ட பழைய நங்கூரம் ஏதும் கெடக்கா? நாங்க வாங்கிக்கறோம்."

இத்தனை வருஷம் கட்ட மறக்காதவன் அன்றைக்கு மட்டும் எப்படி மறந்தான்? அவள் தோற்கட்டும் என்றா? அவள் தனியாகவே ஜெயித்ததைத் துறை முழுக்கப் பார்க்கட்டும் என்றா? கேட்டேன். "வயசாச்சுப்பா" என்றான். நான் நம்பவில்லை. நீங்கள் எதை நம்புகிறீர்களோ, அதையே இங்கே எழுதிக்கொள்ளுங்கள்.