நூறடி ஏணி

வெஸ்ட் ஹாலிபரியில் மிக உயரமான கட்டடம் புனித யூதா ததேயு ஆலயத்தின் மணிக்கூண்டு. அதற்கு அடுத்தது கடைத்தெரு மருந்துக் கடை. அதற்கும் ஒரு மாடிதான். அப்படிப்பட்ட ஊருக்கு நூறடி ஏணி பொருத்திய தீயணைப்பு வண்டி கட்டாயம் வேண்டும் என்று வருடக்கணக்கில் மல்லுக்கட்டி வாங்கிக் கொடுத்தவர் ராக்கோ டெல்வெக்கியோ.

ராக்கோ ஓய்வு பெற்ற பிளம்பர். இருபது வயதில் ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் சம்பளமில்லாத் தொண்டராகச் சேர்ந்தவர், இப்போது ஊரார் வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் தீயணைப்பு வாரியத்து ஐந்து பேரில் ஒருவர். வண்டியின் விலை பதினாறு லட்சம் டாலர். வரி கட்டும் ஊரார் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. வாரியக் கூட்டத்துக்கு வந்தால்தானே கேட்பதற்கு!

வண்டி வந்த சனிக்கிழமை நிலையத்து முற்றத்தில் திருவிழாக் கூட்டம். வழக்கப்படி பக்கத்து ஊர் வண்டிகளெல்லாம் வந்து சுற்றி நின்று, புது வண்டிமேல் தண்ணீரைப் பீய்ச்சி நீராட்டின. சாஸேஜும் குடைமிளகாயும் கருகிய வாசனை, பீர், பேண்டு வாத்தியம். வண்டியின் பக்கவாட்டில் தங்க எழுத்தில் இருந்த தன் பெயரை ராக்கோ கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பார்த்துடா, தேஞ்சுடப் போகுது. கட்டின பொண்டாட்டியக்கூட நீ இப்படித் தாங்கினதில்ல!" என்றான் சீஃப் பிரெண்டன். தொண்டர்படைக்குத் தலைவன் அவன்தான்.

"பதினாறு லட்சம் போட்டு வாங்கியிருந்தா என்னையும் தாங்கியிருப்பாரு" என்றாள் ராக்கோவின் மனைவி லொரெய்ன். முற்றமே சிரித்தது.

அடுத்த புதன்கிழமை காலை. ராக்கோ நிலையத்தில் தனியாக நின்று வண்டிக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தபோது கூரைமேல் சைரன் அலறியது. வயர்லெஸ்ஸில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைப் பெண்ணின் குரல்: லிண்டன் தெருவில் வீடு எரிகிறது, மாடியில் வயதான பெண்மணி ஒருத்தி மாட்டிக்கொண்டிருக்கிறாள்.

ராக்கோ ஓடிப்போய் எல்லாக் கதவுகளையும் தூக்கிவிட்டார். ஐந்து வண்டிகளும் வெயிலில் கண்ணைப் பறித்தன. அவர் வாசலில் நின்று தெருவின் இரு முனைகளையும் பார்த்தார். அவருடைய இளவயதில் சைரன் ஊதினால் போதும், நாலா பக்கமிருந்தும் கார்கள் சீறிக்கொண்டு வரும். யார் முதலில் வண்டியில் ஏறுவது என்று அடிதடி நடக்கும். இன்று தெருவில் தபால்காரர் மட்டும் போய்க்கொண்டிருந்தார். மரங்களுக்கு மேல் கறுப்புப் புகை எழும்பியது.

ஒரே ஒருவர் ஓடிவந்தார். எதிர்க்கடை வால்ட்டர், சாண்ட்விச் போடும் ஏப்ரனோடு.

"மத்தவனுங்க எங்கடா?" என்றார் ராக்கோ.

"எல்லாரும் சிட்டில வேலைக்குப் போயிருப்பானுங்க. பாதிப் பேரு வீட்டையே வித்துட்டு கரோலினா போயிட்டானுங்க."

"சனிக்கிழமை அத்தனை பேரு இருந்தானுங்களே!"

"சாப்பாட்டுக்கு வருவானுங்க, ராக்கோ."

"சரி, நீ ஓட்டு."

"நானா? என் கடை வேனத் தவிர எதையும் ஓட்டினதில்ல. நீ ஓட்டேன்."

ராக்கோவுக்கு ஒருமுறை மாரடைப்பு வந்திருந்தது. மாரடைப்பு வந்தவன் வண்டி ஓட்டக்கூடாது என்று விதி. அந்த விதிக்குக் கை தூக்கியவர்களில் ராக்கோவும் ஒருவர். ஆனாலும் ஏறினார். புகையைப் பார்த்த பதற்றத்தில் அவர் ஏறியது தன் பெயர் போட்ட புது வண்டியில். உள்ளே விமானத்தில் இருப்பதுபோலத் திரைகளும் பொத்தான்களும். எஞ்சின் உறுமியது, வண்டி இம்மியும் நகரவில்லை. எங்கோ ஒரு பூட்டை விடுவிக்க வேண்டும். கம்பெனிக்காரன் அதைச் சொல்லிக் கொடுத்த மூன்று பேரும் இந்நேரம் மன்ஹாட்டனில் இருந்தார்கள்.

"இறங்குடா!" வால்ட்டர் கத்தினார். "அது போனாத்தான் என்ன? ஏணி வண்டிடா அது! அதுல சொட்டுத் தண்ணி கிடையாது!"

அது ராக்கோவுக்கும் தெரியும். தண்ணீர்த் தொட்டி வைத்தால் சாமான்களுக்கு இடம் குறையும், வேண்டாம் என்று வாதாடியதே அவர்தான்.

வயர்லெஸ் மறுபடி கேட்டது: "வெஸ்ட் ஹாலிபரி, யாராவது இருக்கீங்களா?" சற்றுப் பொறுத்து இன்னொரு முறை கேட்டது. பிறகு அந்தக் குரல் அவர்களை விட்டுவிட்டு ஐந்து மைல் தள்ளியிருக்கும் கிரேவ்ஸ் பாயின்ட்டைக் கூப்பிட்டது.

இன்னொரு வண்டியோடு மல்லுக்கட்ட நேரமில்லை என்று இரண்டு கிழவர்களும் சுவரில் மாட்டியிருந்த கைத் தீயணைப்பானைக் கழற்றிக்கொண்டு அடுத்த தெருவுக்கு ஓடினார்கள்.

அது ஹில்டா வோஸ்னியாக்கின் வீடு. ராக்கோ முதன்முதலாகக் குழாய் மாட்டிய வீடும் அதுதான். கீழே சமையலறையும் மாடிப்படியும் கொழுந்துவிட்டு எரிந்தன. மாடி ஜன்னலில், வீட்டு கவுனோடு ஹில்டா இருமிக்கொண்டு நின்றாள்.

"ராக்கோ! வண்டி எங்கப்பா?"

அவர் மூச்சு வாங்கியபடி அண்ணாந்து பார்த்தார்.

"சனிக்கிழமை காட்டினீங்களே, அந்தப் பெரிய ஏணி! அதக் கொண்டாப்பா!"

எதிர்வீட்டில் கூரை வேய்ந்துகொண்டிருந்த எல் சால்வடோர் ஆட்கள் அதற்குள் தங்கள் அலுமினிய ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். அவர்களில் வில்மர் என்ற ஒருவன் ஏணியைச் சாய்த்து, அழுத்திப் பார்த்து, விறுவிறுவென்று ஏறினான்.

"கண்ண மூடிக்கங்கம்மா. என் கழுத்த மட்டும் விட்டுடாதீங்க" என்று சொல்லி அவளை முதுகில் சுமந்துகொண்டான். இறங்கும்போதே கீழே பார்த்து அதட்டினான்: "அந்த ஜன்னல உடைக்காத! காத்து போனா கூரை பிடிச்சிக்கும்! கேஸ மூடு முதல்ல!"

அணைப்பானால் கீழ் ஜன்னலை இடிக்கப்போன ராக்கோவின் கை அப்படியே நின்றது. நாற்பது வருட அனுபவம் அந்த அவசரத்தில் அவரை விட்டு ஓடிப்போயிருந்தது.

கிரேவ்ஸ் பாயின்ட் வண்டி வந்தபோது மாடிப்படி இடிந்து விழுந்தாயிற்று. ஹில்டாவுக்கு மிஞ்சியது உயிரும் உடுத்தியிருந்த துணியும்.

அடுத்த வாரியக் கூட்டத்தில் எல்லோரும் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போனார் ராக்கோ. அவருக்கு அங்கே காத்திருந்தது வேறு. பிரெண்டன் எழுந்து, புதுத் தண்ணீர் வண்டி ஒன்று வாங்க அனுமதி கேட்டான்.

"நடந்தது கெட்ட நேரம். ஆனா இருக்கற வண்டியெல்லாம் பழசாயிடுச்சு. ஊரோட பாதுகாப்புன்னு ஒண்ணு இருக்குல்ல?"

ராக்கோவுக்குத் தன் காதை நம்ப முடியவில்லை. "பழசா? அன்னைக்கு ஒண்ணுகூட வாசலத் தாண்டலையேடா! ஓட்ட ஆளில்லாத வண்டிக்கு வயசு என்னடா வயசு? அந்தக் காசுல பகல் நேரத்துக்கு ரெண்டு டிரைவரச் சம்பளத்துக்கு வைப்போம்."

அறை வெடித்தது. "சம்பளமா! எங்கப்பன் இங்க ஒத்தக் காசு வாங்காம உழைச்சு செத்தான்!" என்று ஒருவன் மேசையைக் குத்தினான். "நெஞ்சு வலிக்கு அப்புறம் உனக்கு மூளையும் போச்சு, ராக்கோ" என்றான் இன்னொருவன்.

அப்போது பின் வரிசையிலிருந்து ஹில்டா எழுந்தாள். மகள் வீட்டிலிருந்து வந்திருந்தாள். யாருடைய கோட்டையோ போட்டிருந்தாள். சத்தம் அடங்கியது. இனிப் பேச்சுக்கு இடமில்லை, இவள் கேட்கிற கேள்வியில் எல்லோருடைய முகமும் செத்துப்போகும் என்று ராக்கோ எண்ணினார்.

"வாங்குங்க" என்றாள் ஹில்டா. "புது வண்டிய வாங்குங்க. பாவம், இவரு வண்டி இல்லாமத்தான் அன்னைக்கு கால்நடையா ஓடி வந்தாரு. இன்னொரு வண்டி இருந்திருந்தா என் வீடு தப்பிச்சிருக்கும்."

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வாக்கெடுப்பில் எதிர்த்துத் தூக்கிய கை ராக்கோவுடையது ஒன்றுதான்.

மறுநாள் வில்மரைத் தேடிப் போனார். அவன் சீடர் தெருவில் ஒரு கூரையிலிருந்து இறங்கி வந்தான்.

"அன்னைக்கு அவ்வளவு பதமா செஞ்சியே, எங்கப்பா கத்துக்கிட்ட?"

"உசுலுத்தான்ல சார், எங்க ஊர்ல. ஆறு வருஷம் தீயணைப்புல இருந்தேன். பெரிய வண்டி ஓட்டுவேன்."

"இந்த ஊருக்குள்ளேயேதான இருக்க? எங்ககிட்ட வந்திருக்கலாமே!"

"வந்தேனே. போன வசந்தத்துல. வாசல்ல ஒருத்தரு, 'எங்க கூரை ஒழுகல, போயிட்டு வா'ன்னாரு. நான் கூரைக்கு வரலன்னு சொல்றதுக்குள்ள கதவச் சாத்திட்டாரு."

ராக்கோ அவனுடைய வேன்மேல் கையை ஊன்றிக்கொண்டார். நெஞ்சு வலியோ என்று பயந்து வில்மர் தண்ணீர் எடுத்து வந்தான். வலி இல்லை. அவர் குடித்து முடித்தார்.

"திங்கக்கிழமை பயிற்சி. என்கூட வா" என்றார்.

"மறுபடியும் துரத்தினா?"

"என்னையும் சேர்த்துத்தான் துரத்தணும்."

துரத்தத்தான் பார்த்தார்கள். விதிப் புத்தகத்தைப் புரட்டினார்கள், பின்னணி விசாரணை என்று இழுத்தடித்தார்கள், இரண்டு பேர் விலகிப்போவதாகச் சொல்லி விலகியும் போனார்கள். வால்ட்டர் கடைக்கு வருகிற ஒவ்வொரு தொண்டரிடமும் அந்தப் புதன்கிழமையை விடாமல் சொன்னார். கடைசியில் சொற்ப வாக்கு வித்தியாசத்தில் வில்மர் உள்ளே வந்தான். கூரை வேலை எந்தத் தெருவில் இருந்தாலும் சைரன் கேட்டால் இறங்கி ஓடிவர முதலாளியிடம் அனுமதி வாங்கிக்கொண்டான்.

அந்த டிசம்பரில் நடந்த வாரியத் தேர்தலில் ராக்கோ தோற்றார். ஜெயித்தவன் பிரெண்டனின் மைத்துனன். மீட்புப் படகு வாங்குவேன் என்று வாக்குக் கேட்டவன். வெஸ்ட் ஹாலிபரியில் இருக்கும் ஒரே நீர்நிலை, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் வாத்துக் குளம்.

"படகா?" என்றாள் லொரெய்ன், செய்தி கேட்டு. கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "எங்க விடப் போறாங்களாம்?"

ராக்கோ கோட்டை மாட்டிக்கொண்டு, வில்மருக்குக் குளிர்கால கையுறை வாங்கக் கிளம்பினார். நிலையத்தில் அவன் கைக்குப் பொருந்துவதாக ஒரு ஜோடிகூட இல்லை.