ஒரே மெத்தை, இரண்டு சம்பளம்

சங்கரி வேலை பார்த்த பட்டுக்கடையில் முகூர்த்தப் புடவைப் பிரிவு முதல் மாடியில் இருந்தது. வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் அவளும் ரேணுகாம்பாளும் தினகரனும் உட்கார்ந்து, வருகிற கல்யாணக் கூட்டத்துக்குப் புடவைகளை விரித்துக் காட்டுவார்கள். கணவன் இறந்து, ஒரே மகளும் கல்யாணமாகி ஓசூருக்குப் போன பிறகு, பிள்ளையார்பாளையத்து ஒற்றை அறையில் சங்கரிக்குப் பேச்சுத்துணை கிடையாது. நாள் முழுவதற்குமான பேச்சு கடையில்தான்; அதிலும் ரேணுகாம்பாளோடுதான். மதியம் இருவரும் சாப்பாட்டை மாற்றி மாற்றிப் பரிமாறிக்கொள்வார்கள்.

ஒருநாள் வீட்டுக்கடன் பற்றிய பேச்சில் தினகரன் தன் சம்பளத்தைச் சொல்லிவிட்டான். அது சங்கரி வாங்குவதைப்போல ஒன்றரை மடங்கு. இருவரும் ஒரே வருடம் சேர்ந்தவர்கள், செய்வதும் ஒரே வேலை.

அவள் மேனேஜர் குமாரசாமியிடம் போய்க் கேட்டாள். அவர் கோபப்படவில்லை.

"ஆம்பளைங்க குடும்பத்தைக் காப்பாத்தணும்மா. உனக்கின்னா, நீ ஒண்டிக்கட்டை."

சம்பளத்தைவிட அந்தச் சொல்தான் அவளைத் தூங்கவிடவில்லை. அடுத்த விடுமுறையன்று தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனாள். ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று கொடுப்பது சட்டப்படி குற்றம் என்று அங்கே சொன்னார்கள். மனு எழுதிக் கொடுத்தாள். ரேணுகாம்பாளிடம் சொன்னபோது, விசாரித்தால் தானும் உள்ளதைச் சொல்வதாகச் சொல்லிச் சங்கரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆய்வாளராக வந்தவர் கிருஷ்ணவேணி என்ற பெண். மெத்தையருகே எல்லாரையும் வைத்துக்கொண்டே விசாரித்தார். கிடங்கிலிருந்து பண்டல் தூக்குவது ஆண்கள் மட்டும்தான், அதனால்தான் அவர்களுக்குக் கூடுதல் சம்பளம் என்றார் குமாரசாமி. ஆய்வாளர் ரேணுகாம்பாளைப் பார்த்தார்.

"கனமான வேலையெல்லாம் ஆம்பளைங்கதான் பாக்குறாங்க மேடம்" என்றாள் ரேணுகாம்பாள். விரிந்து கிடந்த புடவையின் மடிப்பை நீவிக்கொண்டே இருந்தாள், தலை நிமிரவில்லை.

அடுத்து தினகரன். அவன் குமாரசாமியை ஒருமுறை பார்த்துவிட்டு ஆய்வாளர் பக்கம் திரும்பினான்.

"பண்டலை பொம்பளைங்களும்தான் தூக்கிக்கினு வராங்க மேடம். என்னைவிட ஒண்ணும் கொறைச்சலா செய்யல."

சில மாதங்களில் உத்தரவு வந்தது. கடையிலிருந்த எல்லாப் பெண்களுக்கும் சம்பளம் கூடியது. மாடியில் பெண்கள் சுவீட் வாங்கிப் பகிர்ந்துகொண்டார்கள் என்று சங்கரிக்குப் பிறர் சொல்லித்தான் தெரியும். அதற்குள் அவளைக் கீழ்த்தளத்தில், வேட்டி துண்டு விற்கும் மூலைக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே அவள் ஒருத்திதான். மற்ற பெண்கள் படியில் எதிர்ப்பட்டால் மேனேஜர் அறையைப் பார்த்துவிட்டு வேகமாக ஏறிப்போனார்கள்.

ஒரு மதியம் ரேணுகாம்பாள் இறங்கி வந்தாள்.

"பொண்ணு காலேஜு படிக்குது. வேலை போயிடுமோன்னு பயந்துட்டேன் சங்கரி."

"தெரியுங்க்கா."

"எம்மேல கோவமா இருக்குதா?"

"கோவமில்ல. அன்னிக்கு என் மூஞ்சியவாவது ஒருவாட்டி பாத்திருக்கலாம்."

துண்டு கேட்டு யாரோ வர, சங்கரி எழுந்து எடுத்துக் காட்டினாள். விலை சொல்லிவிட்டுத் திரும்பியபோது ரேணுகாம்பாள் போய்விட்டிருந்தாள். அதன் பிறகு அவள் கீழே வரவில்லை.

புகார் கொடுத்ததற்காக இடம் மாற்றியதும் தவறுதான், இன்னொரு மனு கொடுங்கள் என்று கிருஷ்ணவேணி போனில் சொன்னார். மாடிக்குத் திரும்பினால் பழையபடி யாரும் பேசப்போவதில்லை என்று சங்கரிக்குத் தெரியும். ஆனாலும் அவளைக் கீழே தள்ளியது நியாயமென்று ஆகிவிடக் கூடாது. அந்த வாரமே மனுவைக் கொடுத்துவிட்டு, நேரே கடைக்கு வந்து துண்டுகளை அடுக்க ஆரம்பித்தாள்.